தள்ளவும், இழுக்கவும்: 140 ஆங்கில வரிகளை ஸ்பானிஷுக்கு மாற்றிய பதிவு

வேலை இதுதான். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு சிறிய விடுதி. அறிவிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தன. விருந்தினரில் பலர் மெக்சிகோவிலிருந்து வருபவர்கள். சமையலறையிலும் துப்புரவிலும் இருப்பவர்கள் மெக்சிகோ, ஹோண்டுராஸ், குவாத்தமாலாக்காரர்கள். மொத்தம் 140 வரிகள்: கதவு, சுவர், நீச்சல் குளத்துக்கு 38, அறைகளுக்கு 27, சமையலறைக்கும் துப்புரவுக்கும் 41, வரவேற்பு மேசையில் பேசுவதற்கும் குறுஞ்செய்திக்கும் 34.

எல்லாம் அன்றாடச் சொற்கள், கடினம் அங்கேதான். நீண்ட பத்தியில் ஒரு சொல் பிசகினால் பக்கத்துச் சொற்கள் பொருளைத் தாங்கிக்கொள்ளும். கதவில் ஒற்றைச் சொல் தனியாக நிற்கிறது, தாங்க ஆள் இல்லை. இயந்திர மொழிபெயர்ப்பு முழு வாக்கியங்களில் நன்றாகவே உழைக்கும். ஒற்றைச் சொல்லில் தடுமாறுவதும் இதே காரணத்தால்தான்.

ஸ்பானிஷ் சொற்களைக் கீழே தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறது. உச்சரிப்பு லத்தீன் அமெரிக்க வழக்கு. ஸ்பானிஷின் 'த' நம் 'த' போலவே நாக்கு பல்லைத் தொடும் ஒலி, 'ட' ஆக்கிவிடக் கூடாது. மேலே அலைக்குறி போட்ட 'என்யே' என்ற எழுத்து நம் 'ஞ'தான். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் திணறும் இந்த இரண்டும் தமிழருக்கு இலவசமாகக் கிடைக்கின்றன.

முதலில் தாள் தயாரிப்பு

விரிதாளில் ஆறு நெடுவரிசைகள்: எண், ஆங்கில வரி, அது எங்கே இருக்கிறது என்பதும் யார் படிப்பார் என்பதும், அதே இடத்தில் தமிழில் என்ன எழுதுவோம், ஸ்பானிஷ் வரி, இடம் கொள்ளும் அதிகபட்ச எழுத்துகள். மூன்றாவதை நிரப்பாமல் ஐந்தாவதைத் தொடக் கூடாது. நேரில் போய் ஒவ்வொரு பலகையையும் கைப்பேசியில் படம் எடுத்து, படத்தின் எண்ணையும் அந்தக் கட்டத்தில் போட்டுவிட வேண்டும்.

காரணம் ஒரே எடுத்துக்காட்டில் தெரியும். அறைப் பட்டியலில் 'ஐயன்', 'சேஃப்', 'ஃபேன்' என்று மூன்று சொற்கள். அறையைப் பார்க்காதவர் இரும்பு, பாதுகாப்பானது, ரசிகர் என்று மூன்றையும் தவறாக்க முடியும். அலமாரியில் இருப்பது இஸ்திரிப் பெட்டி: 'பிளாஞ்சா'. உலோகமான இரும்பு 'இயேர்ரோ'. சுவரில் பதித்த பணப்பெட்டி 'காஹா ஃபுவேர்தே'. ஆபத்தில்லை என்ற பொருளில்தான் 'ஸெகூரோ'. கூரையில் சுற்றுவது 'பெந்திலதோர்'. வாசலில் தொங்கும் 'வேகன்ஸி' பலகை இன்னொரு பொறி. அதை 'பகாந்தே' என்று போட்டால் வேலை காலியாக இருக்கிறது என்று ஆகிவிடும், ஆட்கள் விண்ணப்பத்தோடு வருவார்கள். அங்கே வேண்டியது 'அபிதஸியோனெஸ் திஸ்போனீப்லெஸ்', அதாவது அறைகள் காலியாக உள்ளன.

விருந்தினர் பயன்படுத்தும் கணினியில் 'சேவ்' என்ற பொத்தான். கோப்பைச் சேமிப்பது 'குவார்தார்', பணத்தை மிச்சம் பிடிப்பது 'அஓர்ரார்', உயிரைக் காப்பது 'ஸல்பார்'. 'ஃப்ரீ' என்றால் காசில்லாமல் என்ற பொருளில் 'கிராதிஸ்', யாரும் இல்லாமல் காலியாக என்ற பொருளில் 'லீப்ரே'. இணைய இணைப்புச் சீட்டில் முதலாவது, வாகன நிறுத்தத்தில் இரண்டாவது.

எந்த ஊர் ஸ்பானிஷ்

இதை முதல் நாளே முடிவு செய்யாவிட்டால் பாதி வழியில் திரும்ப வேண்டிவரும். மென்பொருள் உலகில் ஸ்பெயினுக்கு ஒரு குறி, மெக்சிகோவுக்கு ஒரு குறி, லத்தீன் அமெரிக்கா முழுவதற்கும் 'இஎஸ்-419' என்று ஒரு குறி உண்டு. 419 என்பது லத்தீன் அமெரிக்கா, கரீபியன் பகுதிக்கு ஐக்கிய நாடுகள் சபை வைத்திருக்கும் எண். இங்கே எடுத்த முடிவு: அடிப்படை மெக்சிகோ வழக்கு, மத்திய அமெரிக்கர் புரிந்துகொள்ளாத சொல் வந்தால் பொதுச் சொல்.

கதவில் 'புல்', அதாவது இழுக்கவும் என்பதற்கு ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் 'தீரே'. மெக்சிகோவில் 'ஹாலே'. கொலம்பியா, கரீபியன் பக்கம் 'ஆலே'. டெக்சாஸ் கதவுக்கு 'ஹாலே' சரி. தள்ளுவதற்கு எங்கேயும் 'எம்பூஹே'. ஈரத் தரைக்கு 'பீஸோ மொஹாதோ'. ஸ்பெயினில் தரையைச் 'சுவேலோ' என்பார்கள், அங்கே 'பீஸோ' என்றால் அடுக்குமாடி வீடு என்ற பொருளும் உண்டு. கைப்பேசி இங்கே 'ஸெலுலார்', ஸ்பெயினில் 'மோபில்'. பேருந்து பிடியுங்கள் என்று எழுதும்போது ஸ்பெயினின் 'கொஹேர்' வேண்டவே வேண்டாம். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது ஆபாசச் சொல். 'தோமார்' எங்கும் பாதுகாப்பு.

நீச்சல் குளத்துக்கு மெக்சிகோவில் 'அல்பேர்கா'. ஹோண்டுராஸில் 'பிஸீனா'. மெக்சிகோக்காரருக்கும் 'பிஸீனா' புரியும் என்பதால் பலகையில் அதையே போட்டோம். கையில் எடுத்து வேலை செய்யும் பொருளுக்கு மட்டும் இந்த விதியைத் தளர்த்த வேண்டும். அங்கே வேலை செய்பவர் வாயில் புழங்கும் சொல்தான் ஓடும்.

தமிழ் நெடுவரிசை என்ன செய்கிறது

இந்த வேலையில் மிகவும் பலன் தந்தது நான்காவது நெடுவரிசை. ஆங்கில வரியிலிருந்து நேராக ஸ்பானிஷுக்குப் போனால் ஆங்கிலத்தின் வாக்கிய அமைப்பும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் தமிழ் வரியை எழுதினால் அந்த ஒட்டு அறுந்துவிடும். அதோடு, பல இடங்களில் தமிழ் அமைப்பும் ஸ்பானிஷ் அமைப்பும் ஒரே அச்சு.

பலகைத் தமிழை எடுத்துக்கொள்வோம். 'கைகளைக் கழுவவும்', 'புகைபிடிக்க வேண்டாம்' என்று எழுதுகிறோம். நீ என்றும் இல்லை, நீங்கள் என்றும் இல்லை. மரியாதை மட்டும் இருக்கிறது. மெக்சிகோ பலகைகளில் இதே வேலையைச் செய்வது 'ஃபபோர் தே' என்ற தொடக்கமும் வினையின் பெயர் வடிவமும். 'ஃபபோர் தே லபார்ஸே லாஸ் மானோஸ்', 'ஃபபோர் தே நோ ஃபுமார்'. 'வும்' விகுதி வரும் தமிழ் வரி எல்லாவற்றையும் இந்த அச்சில் ஊற்றலாம். 140இல் 30க்கும் மேற்பட்ட வரிகள் இப்படியே முடிந்தன.

அதே வரியில் இன்னொன்று. ஆங்கிலம் 'உங்கள் கைகளை' என்று சொல்லும். தமிழில் யார் கை என்று சொல்வதில்லை, கழுவுகிறவர் கைதான். ஸ்பானிஷும் அப்படியே, 'லாஸ் மானோஸ்' என்றால் போதும். 'ஸுஸ் மானோஸ்' என்று உடைமைச் சொல்லைச் சேர்த்தால் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தது என்று உடனே தெரியும்.

'எனக்கு', 'உங்களுக்கு' என்று தமிழில் தொடங்கும் இடங்களைக் குறித்து வைக்க வேண்டும். 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதில் காபிதான் எழுவாய், நான் இல்லை. 'மே குஸ்தா எல் கஃபே' என்பதும் அதேதான். பொருள் பன்மை ஆனால் வினையும் பன்மை ஆகும்: 'மே குஸ்தான் லோஸ் தாகோஸ்'. ஆங்கிலம் வழியாக வருபவர்கள் 'யோ குஸ்தோ' என்று நான்-இல் தொடங்கித் தவறுவார்கள். வரவேற்பு மேசையில் இருப்பவர் சொல்லவேண்டிய 'எங்கேயாவது வலிக்கிறதா' என்பது 'லே துவேலே ஆல்கோ', சொல்லுக்குச் சொல் 'உங்களுக்கு வலிக்கிறதா ஏதாவது'. கருத்துச் சீட்டில் 'தங்கியது உங்களுக்கு எப்படி இருந்தது' என்பது 'கே லே பரெஸியோ ஸு எஸ்தான்ஸியா'. நான்காம் வேற்றுமை அப்படியே உட்காருகிறது.

அறைச் சீட்டில் ஒரு வரி: நீங்கள் கண்ணாடிக் குவளையை உடைத்தால் எங்களிடம் தெரிவிக்கவும். ஆங்கிலத்தில் இது சாதாரணம். தமிழில் விருந்தினரிடம் 'நீங்கள் உடைத்தால்' என்று யாரும் எழுத மாட்டார்கள், 'குவளை கைதவறி உடைந்துவிட்டால்' என்றுதான் எழுதுவோம். ஸ்பானிஷில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு: 'ஸி ஸே லே ரோம்பே உன் பாஸோ, அபீஸெனோஸ்'. குவளை தானாக உடைகிறது, அது உங்களுக்கு நேர்கிறது. தட்டு கீழே விழுந்தால் 'ஸே மே கயோ எல் பிளாதோ'. பழி யார் மேலும் விழாமல் செய்தி போய்ச் சேருகிறது. நேர் வினையில் எழுதினால் வேண்டுமென்றே உடைத்ததாகக் கேட்கும்.

ஸ்பானிஷில் 'இருத்தல்' என்பதற்கு இரண்டு வினைகள் உண்டு. எதை எங்கே போடுவது என்பதற்கும் தமிழில் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. 'அவர் மருத்துவர்' என்று வினையே இல்லாமல் முடிந்தால் பெரும்பாலும் 'எஸ்'. 'அவர் சோர்வாக இருக்கிறார்', 'கதவு பூட்டி இருக்கிறது' என்று 'இருக்கிறது' வந்தால் பெரும்பாலும் 'எஸ்தா'. இந்த அளவுகோல் இரண்டு இடத்தில் உடையும். 'அழகாக இருக்கிறார்' போன்ற நிலையான குணத்துக்குத் தமிழில் இருக்கிறார் வரும், ஸ்பானிஷில் 'எஸ்' வரும். நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்கும் 'எஸ்'தான். 'காலை உணவு கூடத்தில்' என்பதில் பரிமாறும் நிகழ்ச்சியைச் சொல்வதால் 'எல் தெஸயூனோ எஸ் என் எல் பெஸ்தீபுலோ' என்று எழுதினோம். சாப்பாட்டுத் தட்டு மேசை மேல் இருக்கிறது என்றால் 'எஸ்தா'.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு, அவற்றைத் தனியாக ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டது உதவியது. கூப்பிட்டால் நாம் 'இதோ வர்றேன்' என்போம். ஸ்பானிஷில் 'யா போய்', அதாவது இதோ போகிறேன். பேசுகிறவர் தான் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கிறார். வரவேற்பு மேசைச் சீட்டில் 'பெங்கோ' என்று எழுதியது தமிழின் பிழை. தண்ணீரில் நீந்தினால் 'பெஸ்', பிடித்துச் சட்டிக்கு வந்தால் 'பெஸ்காதோ'. நமக்கு இரண்டும் மீன். மூலையில் மட்டும் தமிழ் கைகொடுக்கிறது: அறையின் மூலை 'ரின்கோன்', தெருமுனை 'எஸ்கீனா'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.

குழாய்

குளியலறைக் குழாயில் ஆங்கிலத்தில் 'எச்' சூடு, 'சி' குளிர். ஸ்பானிஷில் சூடு 'கலியேந்தே', முதல் எழுத்து 'சி'. குளிர் 'ஃப்ரீயா', முதல் எழுத்து 'எஃப்'. ஆக, மெக்சிகோவில் வளர்ந்தவர் 'சி' குழாயை வெந்நீர் என்று திறப்பார். ஆங்கிலம் படிப்பவர் கணக்கில் அது குளிர்ந்த நீர். இங்கே வேறு திசையில் ஆபத்து: 'எச்' என்பது ஸ்பானிஷ் படிப்பவருக்கு ஒன்றும் சொல்லாது, சி வெந்நீர் என்றால் எச் குளிர்ந்த நீர் என்று கழித்துப் பார்த்துக் கையை நீட்டுவார். எழுத்தை மொழிபெயர்க்க முயலவில்லை. சிவப்பு, நீல வட்டம் ஒட்டி, கீழே முழுச் சொல்லாக 'ஆகுவா கலியேந்தே', 'ஆகுவா ஃப்ரீயா' என்று இரு மொழியிலும் அச்சடித்த 2 செ.மீ. ஒட்டுத்தாள். நீராவியும் ஈரமும் படும் இடம் என்பதால் காகிதம் நிற்காது, வினைல் வேண்டும்.

சூடு என்ற சொல்லில் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். காரமான சட்னிக்கு 'பிகாந்தே', சூடான பாத்திரத்துக்கு 'கலியேந்தே'. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல், தமிழ் வரியில் காரம், சூடு என்று பிரிந்துவிடும். எனக்குப் புழுக்கமாக இருக்கிறது என்பதற்கு 'தெங்கோ கலோர்'. வினையை மாற்றி 'எஸ்தோய் கலியேந்தே' என்றால் காம உணர்வு என்ற பொருள் வந்துவிடும். பேசும் சீட்டில் இந்த வரிக்கு மட்டும் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தோம்.

சமையலறை, துப்புரவு

பிழை செய்தால் உடம்புக்குக் கேடு வரக்கூடியவை இந்த 41 வரிகளே. அதனால் இங்கே அழகு இரண்டாம் பட்சம்.

வெளுப்புத் திரவத்துக்கு ஸ்பெயினில் 'லெஹீயா', அர்ஜென்டினாவில் 'லபந்தீனா', மெக்சிகோவில் 'குளோரோ'. சமையலறையில் எல்லோரும் சொல்வது 'குளோரோ', அதையே போட்டோம். பாத்திரமும் மேசையும் துடைக்கும் கரைசல்: ஒரு காலன் தண்ணீருக்கு வாசனை சேர்க்காத வெளுப்புத் திரவம் ஒரு மேசைக்கரண்டி. மேசைக்கரண்டி 'குசராதா', தேக்கரண்டி 'குசராதீதா'. இரண்டையும் சுருக்கி எழுதினால் ஓரெழுத்து, ஈரெழுத்து வித்தியாசம்தான் மிஞ்சும். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த தாளில் அது தெரியாது, அளவு மூன்று மடங்கு மாறும். அதனால் சுருக்கம் இல்லை, முழுச் சொல், பக்கத்தில் 15 மி.லி., காலனுக்குப் பக்கத்தில் 3.8 லிட்டர். வெளுப்புத் திரவத்தை அம்மோனியாவோடு கலக்கக் கூடாது என்ற வரி தனிப் பலகையாக, கரைசல் கலக்கும் தொட்டிக்கு மேலே: 'நோ மெஸ்க்லார் குளோரோ கோன் அமோனியாகோ'. குளிர்பெட்டி வரியில் 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குப் பக்கத்தில் 5 டிகிரி செல்சியஸ், உறைபெட்டியில் 0 ஃபாரன்ஹீட்டுக்கு கழித்தல் 18. எல்லையைத் தாண்டிப் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் செல்சியஸ்தான் பழக்கம்.

'ஒன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தாள் முழுவதும் தேடி எடுத்துவிட வேண்டும். ஆங்கிலத்தில் ஒருமுறை. அதே எழுத்துகள் ஸ்பானிஷில் 'ஓன்ஸே', 11. இருமொழி மருந்துச் சீட்டில் பாதி பெயர்த்து விட்டால் நாளுக்கு ஒன்று நாளுக்குப் பதினொன்று ஆகலாம். முதலுதவிப் பெட்டியின் வரியில் 'ஊனா பெஸ் அல் தியா' என்று எழுதி, அருகே 24 மணி நேரத்துக்கு 1 என்று எண்ணாலும் போட்டோம்.

இரு மொழியிலும் ஒத்துத் தோன்றி வேறு பொருள் தரும் சொற்களைப் போலி நண்பர்கள் என்பார்கள், அவற்றின் பட்டியல் எங்கும் கிடைக்கும். இந்த விடுதியில் உண்மையில் குறுக்கிட்டவை சில: வெளியேறும் வழி 'ஸலீதா' (ஆங்கிலச் சொல்லை நினைவூட்டும் 'எக்ஸிதோ' வெற்றி), சோப்பு 'ஹபோன்' (சோப்புபோல் ஒலிக்கும் 'ஸோபா' சூப்), தரைவிரிப்பு 'அல்ஃபோம்ப்ரா' ('கார்பேதா' காகிதக் கோப்புறை). கதவில் தொங்கும் 'நோ மொலெஸ்தார்' சரியான ஸ்பானிஷ்தான், தொந்தரவு செய்யாதீர் என்பதுதான் பொருள். ஆங்கிலக் காதுக்கு உறுத்துகிறது என்று அதை மாற்ற வேண்டாம். அந்தச் சீட்டின் மறுபக்கம்தான் கவனிக்க வேண்டியது. அறையைச் சரிசெய்யுங்கள் என்ற ஆங்கில வரியில் ஒப்பனைக்கும் அதே சொல். அகராதியைப் புரட்டி 'மகியார்' போட்டால் அறைக்கு முகப்பூச்சு பூசச் சொல்வதாகும். 'ஃபபோர் தே அர்ரெக்லார் லா அபிதஸியோன்' என்பது சரி.

இவற்றில் ஒன்றின் விலை மிகப் பெரிது. குளத்துப் பலகையில், போதையில் இருப்பவர் இறங்கக் கூடாது என்ற வரிக்கு முதல் வரைவில் 'இந்தொக்ஸிகாதோ' வந்தது. ஸ்பானிஷில் அன்றாடப் பேச்சில் அது சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் போனவர், நஞ்சேறியவர். 1980இல் ஃப்ளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவரை மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்த கியூபக் குடும்பம் இந்தச் சொல்லைத்தான் சொன்னது. போதைமருந்து மிகையாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அதற்கே வைத்தியம் நடந்தது. உண்மையில் மூளையில் ரத்தக் கசிவு. கை கால்கள் நான்கும் செயலிழந்தன, இழப்பீடு சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர். அங்கே ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைக்கவே இல்லை, சொல் ஒத்திருந்ததால் புரிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். பலகை வரி 'பெர்ஸோனாஸ் என் எஸ்தாதோ தே எப்ரியெதாத்' என்று மாறியது.

ஞகரத்தின் அலை

குளத்துப் பலகையின் இன்னொரு வரி: 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் பெரியவர் துணையோடு மட்டும். 'நீஞோஸ் மெனோரெஸ் தே 12 ஆஞோஸ்'. பெரிய எழுத்தில் வினைலில் வெட்டி வந்த மாதிரியில் என்யே எழுத்தின் மேலிருக்கும் அலை இரண்டு இடத்திலும் இல்லை. அலை போனால் ஞ, ன ஆகிறது. 'ஆஞோஸ்' ஆண்டுகள், 'ஆனோஸ்' ஆசனவாய்கள். எட்டடி தூரத்தில் பளிச்சென்று தெரியும் பலகை.

ஏன் போனது என்று பின்னோக்கிப் போனதில் மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஒன்று, விரிதாளைச் 'சிஎஸ்வி' என்ற சாதாரண உரைக் கோப்பாகச் சேமித்ததில் என்யே குப்பைக் குறியாக உடைந்தது. 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையில் சேமிக்க வேண்டும், திறக்கும்போதும் எக்செலில் தரவுப் பட்டியின் வழியாக இறக்கி 65001 என்ற யூனிகோட் குறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு, குப்பையைக் கண்டவர் அலை இல்லாத 'என்' எழுத்தைத் தட்டித் திருத்திவிட்டார். மூன்று, தேர்ந்த எழுத்துருவில் பெரிய எழுத்து என்யேயே கிடையாது. கூடவே, பெரிய எழுத்துக்கு அழுத்தக் குறி தேவையில்லை என்ற பரவலான நம்பிக்கை. 1713இல் நிறுவிய ஸ்பானிஷ் அரச மொழிக் கழகத்தின் விதிப்படி பெரிய எழுத்துக்கும் குறி கட்டாயம்.

தட்டச்சுக்கு விண்டோஸில் 'யூஎஸ் இன்டர்நேஷனல்' விசைப்பலகை போதும். வலது ஆல்ட்டோடு 'என்' எழுத்து, என்யே. மேற்கோள் ஒற்றைக்குறி, பிறகு உயிரெழுத்து, அழுத்தக் குறி. வலது ஆல்ட்டோடு சாய்கோடு, தலைகீழ்க் கேள்விக்குறி. வலது ஆல்ட்டோடு 1, தலைகீழ் வியப்புக்குறி. விசைப்பலகையை மாற்ற முடியாத கணினியில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு எண் தளத்தில் 164 தட்டினால் சிறிய என்யே, 165 பெரியது, 168 தலைகீழ்க் கேள்விக்குறி. கேள்வியும் வியப்பும் இரு முனையிலும் குறி பெறும், முன்குறியை விட்டுவிட்டால் அரைகுறை.

அச்சில் வரி இடைவெளி நெருக்கமாக இருந்தால் பெரிய எழுத்தின் மேல்குறி மேல்வரியோடு ஒட்டி வெட்டுப்படும். எழுத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாக விட்டோம். நீளமும் கூடும். ஸ்பானிஷ் ஆங்கிலத்தைவிடக் கால் பங்கு நீளும் என்ற பொதுக் கணக்கு நீண்ட பத்திக்குத்தான் பொருந்தும், குறுவரியில் அது ஏமாற்றும். பழுது என்ற பலகை ஆங்கிலத்தில் 12 இடம், 'ஃபுவேரா தே ஸெர்பீஸியோ' 17. செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை என்பது ஆங்கிலத்தில் 7 இடம், 'நோ ஸே அத்மீதென் மஸ்கோதாஸ்' 22, மூன்று மடங்கு. இதற்காகத்தான் ஆறாவது நெடுவரிசை. எழுத்தைச் சுருக்காமல் பலகையைப் பெரிதாக்குவதே நல்லது. இடமே இல்லாவிட்டால் படக்குறி.

குறுஞ்செய்திகள்

சுவரில் ஒட்டுவதைவிட இவை சிக்கலானவை, ஏனென்றால் மென்பொருள் துண்டு துண்டாகச் சேர்த்து வாக்கியம் கட்டுகிறது. எண், பெயரடை, பொருள் என்று மூன்று துண்டை ஒட்டினால் ஸ்பானிஷ் உடையும்: பெயரடை பின்னால் வரும், பாலும் எண்ணும் பொருந்த வேண்டும். இரண்டு புதுச் செய்திகள் 'தோஸ் மென்ஸாஹெஸ் நுவேபோஸ்', இரண்டு புதுக் குளியல் துண்டுகள் 'தோஸ் தோஆயாஸ் நுவேபாஸ்'. ஒவ்வொரு பொருளுக்கும் ஒருமை ஒன்று, பன்மை ஒன்று என முழு வாக்கியமாக எழுதிக் கொடுத்தோம். வேலை கூடும், வேறு வழி இல்லை.

நல்வரவு என்ற வரி ஆணுக்குப் 'பியென்பெனீதோ', பெண்ணுக்குப் 'பியென்பெனீதா'. பெறுபவர் யாரென்று செய்திக்குத் தெரியாது. 'லே தாமோஸ் லா பியென்பெனீதா', உங்களுக்கு வரவேற்பு தருகிறோம் என்று எழுதினால் பால் மறைந்துவிடும். இங்கேயும் நான்காம் வேற்றுமைதான் காப்பாற்றுகிறது. செய்திகள் எல்லாவற்றிலும் 'உஸ்தெத்', அதாவது நீங்கள். 'தூ' கலக்கவே கூடாது. ஒரே செய்தியில் நீயும் நீங்களும் வந்தால் தமிழில் எப்படி இடறுமோ அப்படியே இடறும். வினையைப் பார்த்தால்தான் இது தெரியும், பிரதிப்பெயர் பெரும்பாலும் தொக்கி நிற்பதால் கண்ணுக்குத் தப்பும்.

தேதியை எண்ணால் எழுதக் கூடாது. 04/05 என்பது டெக்சாஸ்காரருக்கு ஏப்ரல் 5, மெக்சிகோக்காரருக்கு மே 4. அறை முன்பதிவில் ஒரு மாத வித்தியாசம். 'ஸின்கோ தே அப்ரீல்' என்று மாதத்தைச் சொல்லால் எழுதினோம், மாதமும் கிழமையும் சிறிய எழுத்தில்.

சரிபார்ப்பு

இரண்டு வாசகர்கள், ஒருவர் மெக்சிகோ, ஒருவர் ஹோண்டுராஸ். ஆங்கில மூலத்தைக் காட்டாமல் ஸ்பானிஷ் சீட்டை மட்டும் கொடுத்து 'இதைப் படித்தால் என்ன செய்வீர்கள்' என்று கேட்க வேண்டும். 'இது சரியா' என்று கேட்டால் மரியாதைக்குச் சரி என்பார்கள். 140இல் 19 வரிகளில் செயல் பிசகியது. அந்த 19இல் பெரும்பாலானவை மூன்றாவது நெடுவரிசையை அவசரமாக நிரப்பிய வரிகள். திரும்ப ஆங்கிலத்துக்குப் பெயர்த்துப் பார்ப்பதையும் செய்தோம், ஆனால் அது போலி நண்பர்களைப் பிடிக்காது: ஆங்கிலம் நன்கு தெரிந்தவர் திரும்பவும் அதே ஆங்கிலச் சொல்லுக்கே போய்விடுவார்.

ஒட்டிய பிறகு மாறியவை மூன்று. அறை விளக்கச் சீட்டில் மின்செருகி இடத்துக்கு 'என்சூஃபே' என்றிருந்ததை மெக்சிகோ விருந்தினருக்காகக் 'கொந்தாக்தோ' என்று மாற்றினோம். போர்வைக்கு 'மாந்தா' எடுத்துவிட்டு 'கோபீஹா'. மூன்றாவது, சமையலறையில் கை மட்டும் கழுவும் தொட்டி. முதலில் தொட்டியின் பெயரை 'ஃப்ரெகதேரோ' என்று ஒட்டியிருந்தோம். அது பாத்திரம் தேய்க்கும் தொட்டியின் பெயர், இரண்டே நாளில் சட்டிகள் வந்து குவிந்தன. பெயரை எடுத்துவிட்டு வேலையை எழுதினோம்: 'ஸோலோ பாரா லபார்ஸே லாஸ் மானோஸ்'. அதன் தமிழ்க் கட்டத்தில் முதலிலிருந்தே இருந்தது 'கை கழுவ மட்டும்'.